நீங்கள் எழுதாத மணிச் சத்தம்

பிள்ளைப்பாக்கம்
11-8-1991, ஞாயிறு

அன்புள்ள மாமா,

இத்தனை நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம்தான், வேறொன்றும் இல்லை. பகலில் பேனாவைத் தொட்டாலே அத்தை, "புருசனுக்கா எழுதற? நான் நல்லா கீறேன்னு எழுது, முட்டி வலின்னு எழுதாத" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் எல்லாரும் படுத்த பிறகு.

இன்று கடைசி ஆடி ஞாயிறு. கூழ் ஊற்றினார்கள். காலையிலிருந்து பாட்டு. உங்கள் சித்தப்பா மகன் அண்ணாதுரை, குழாய் ஸ்பீக்கரை நம் வாசல் கம்பத்திலேயே கட்டிவிட்டான். "கைக்குழந்தை இருக்கிற வீடுப்பா, அந்தப் பக்கம் திருப்பிக் கட்டு" என்றேன். "உன் பொண்ணு முழிச்சுக்கவா போறா அண்ணி? அது தங்கம். எங்க வூட்ல ரெண்டு கீது பாரு, தட்டு வுழுந்தா தெருவையே கூட்டுதுங்க" என்கிறான். பூஜா தூளியில் கையை விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கினாள். கூழ் வாங்க வந்த பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, என்ன சமத்து, என்ன சமத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை சாயங்காலம் மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

மூன்று பல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். உங்கள் போட்டோவைக் காட்டினால் எச்சில் பண்ணுகிறாள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு கடிதத்திலும் மெஷின், மெஷின்தான். அந்த மியூனிக் நகரத்தைப் போய்ப் பார்த்தீர்களா இல்லையா? ஒரு நாளாவது வெளியே போய்வந்து, காலையில் எழுந்ததிலிருந்து என்ன பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யார் என்ன பேசினார்கள், எல்லாம் விடாமல் எழுதுங்கள். படிக்கும்போது நானும் கூட நடக்கிற மாதிரி இருக்க வேண்டும். எனக்கு இங்கே கொஞ்ச நாளாக மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

இன்னொரு விஷயம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம், தாளில் இடமில்லை.

உங்கள்
சசிரேகா


மியூனிக்
25-8-1991

அன்புள்ள சசிக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. நீ கேட்டபடியே நேத்து சனிக்கிழமை ஊர் சுத்தப் போனோம். எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. நீ பி.எஸ்ஸி., நான் ஐ.டி.ஐ. ஆனா கேட்டுட்டே, விடாம எழுதறேன்.

எங்க லைன்ல என்கூட வந்திருக்கானே ஸ்டீவ், நந்தம்பாக்கத்துப் பையன், அவன்தான் கிளப்பினான். "மச்சான், ரூம்லயே சோறு வடிச்சுத் தின்னுட்டுத் திரும்பினா, ஊர்ல கேக்கறவனுக்கு இன்னா சொல்லுவே? ஜெர்மனியில குக்கர் நல்லா விசில் அடிச்சுதுன்னா?" அப்படின்னான். சரின்னு கிளம்பிட்டேன்.

ரயில் பூமிக்கு அடியில போகுது. ஏறி மேல வந்தா பெரிய சதுக்கம். முதல்ல சந்தைக்குப் போனோம். கொத்தவால்சாவடின்னு நினைச்சுக்காத, சேறு கிடையாது, ஒருத்தரும் கத்தறது கிடையாது. தக்காளியை நாமளே தொட்டு எடுத்தா முறைக்கறாங்க. ஒரு கடைக்காரம்மா, நம்ம அம்மா வயசு இருக்கும், எந்த ஊருன்னு கேட்டுது. மெட்ராஸ்னு சொன்னா புரியலை. ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னதும் சட்டுனு நெஞ்சுல கையை வெச்சுக்கிச்சு. மே மாசம் பேப்பர்ல படிச்சுதாம். நம்ம ஊரு பேரு இப்படியா தெரியணும். ஒரு ஆப்பிளைச் சும்மா குடுத்து அனுப்பிச்சுது.

அங்கேயே காலைச் சாப்பாடு. வெள்ளையா ஒரு கறி, சுடுதண்ணியில மிதக்க விட்டுக் கொண்டாறான். தோலை உரிச்சுட்டு, இனிப்புக் கடுகு தொட்டுத் தின்னணும். மதியம் பன்னண்டுக்கு மேல அதைத் தின்னக்கூடாதாம், அது ஒரு சட்டம். பாதி முழுங்கினப்புறம் ஸ்டீவ் கேக்கறான், "இன்னா கறின்னு தெரியுமா மச்சான்? கன்னுக்குட்டி." மிச்சத்தை அவன் தட்டுல தள்ளிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத, வூட்டுக்குள்ள விடாது.

அப்புறம் ஒரு மாதா கோயில் கோபுரம் ஏறினோம். உச்சியில நின்னா தூரத்துல பனிமலை தெரியுது. ஸ்டீவுக்குத் தலை சுத்திடுச்சு, சுவரைக் கட்டிப் புடிச்சுக்கினு கண்ணை மூடிட்டான். ஃபாரின் போய் மலையைப் பார்க்காம வந்தவன் நீ ஒருத்தன்தான்டான்னேன்.

கீழ வந்தா சதுக்கத்துல ஜனம் அப்படியே அண்ணாந்து நிக்குது. நகராட்சிக் கட்டடத்து உச்சியில பெரிய கடிகாரம். அதுக்குக் கீழ ரெண்டு அடுக்குல ஆள் உசரப் பொம்மைங்க. பதினோரு மணிக்கு அதுங்க சுத்த ஆரம்பிக்குது. மேல் அடுக்குல குதிரை மேல ரெண்டு வீரனுங்க ஈட்டியோட வரானுங்க. முதல் சுத்துல ஒண்ணும் ஆகலை. ரெண்டாவது சுத்துல ஒருத்தன் அப்படியே மல்லாந்துட்டான். கீழ் அடுக்குல சிவப்புச் சட்டைக்காரங்க ஆடறாங்க. கடைசியில உச்சியில ஒரு தங்கச் சேவல் வந்து வாயைத் திறக்குது, றெக்கையை அடிக்குது. அவ்வளவுதான், கூட்டம் கலைஞ்சுடுச்சு. ஸ்டீவ் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கினே இருந்தான்.

மதியம் பெரிய தோட்டம் ஒண்ணு. ஆத்துல ஒரே இடத்துல அலை எழும்புது, பசங்க பலகை மேல நின்னு அது மேல ஆடறானுங்க. மரத்தடியில நீள பெஞ்சு போட்டுச் சாப்பாடு. சுட்ட கோழி பாதி, உருளைக்கிழங்கு உருண்டை ஒண்ணு, நம்ம கொழுக்கட்டையை ஒரு வாரம் வெச்சிருந்து தின்ன மாதிரி. அப்புறம் இன்னா குடுத்தான்னு நினைக்கிறே? முள்ளங்கி. பச்சை முள்ளங்கியைச் சுருள் சுருளா மாலை மாதிரி சீவி உப்பு தூவி வெச்சிருக்கான். இதைத் தின்னவா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்? அங்க ஒரு மரக் கோபுரத்து மேல பித்தளை வாத்தியக்காரங்க உட்கார்ந்திருந்தாங்க. கன்னம் பலூன் மாதிரி புடைக்குது.

ஐஸ்கிரீம் தின்னுட்டு, கால் வலியோட ரயில் ஏறி வந்துட்டோம். இதான் நேத்து.

ஒரு விஷயம். நாங்க ஓட்டக் கத்துக்கற மெஷின் இன்னும் கப்பல் ஏறலையாம். நம்ம கவர்மென்ட்டுகிட்ட டாலர் இல்லையாம், வெளிநாட்டுச் சரக்கு எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்காங்களாம். அதனால பொங்கல் வரைக்கும் இருந்து முழு டிரெய்னிங்கும் முடிச்சுட்டு வாங்கன்னு மேனேஜர் தந்தி குடுத்திருக்கார். நீ என்ன சொல்றே?

பூஜாவைப் பத்தி நிறைய எழுது. அம்மா, அப்பான்னு ஏதாவது சொல்றாளா?

உன்
திருமலை


பிள்ளைப்பாக்கம்
7-9-1991

அன்புள்ள மாமா,

கடிதத்தை அத்தைக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன், கன்றுக்குட்டி மட்டும் தவிர. அந்த இடத்தில் 'கிழங்கு' என்று படித்தேன். முள்ளங்கிக்கு அத்தை சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு லூர்தம்மாள் அக்கா வந்து, "மாதா கோயில் உள்ள போனாரா, மெழுகுவத்தி ஏத்தினாரா?" என்று கேட்டார்கள். ஏற்றினார் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நான் தனியாக உட்கார்ந்து மறுபடி படித்தேன். மறுபடியும் படித்தேன்.

மாமா, அந்தக் கடிகாரம் மணி அடிக்கவில்லையா?

பொம்மை சுற்றியது, வீரன் மல்லாந்தான், சேவல் வாயைத் திறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சேவல் கூவியது என்று எழுதவில்லை. வாத்தியக்காரர்களின் கன்னம் புடைத்தது என்றிருக்கிறது, என்ன வாசித்தார்கள் என்று இல்லை. சந்தையைச் சொல்லும்போது சத்தத்தைச் சொன்னவர், பதினோரு மணிக்கு மேல் ஒரு சத்தமும் சொல்லவில்லை. நீங்கள் யார்? ஸ்குரூ டிரைவரின் முனையை மெஷினில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற ஆள். தெருமுனையில் திரும்பும்போதே நம் கிரைண்டரின் சத்தத்தை வைத்து, அரைப்பது உளுந்தா அரிசியா என்று சொல்கிற ஆள். உங்களுக்கா மணிச் சத்தம் விட்டுப்போகும்?

நான் எழுத வேண்டாம் என்று விட்ட விஷயத்தை எழுதிவிடுகிறேன். பூஜாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன். சில நேரம் கேட்கிற மாதிரி இருக்கும். உங்கள் வண்டி வந்தால் வாசலைப் பார்ப்பாளே, "அப்பன் வண்டி தெரியுது பாரு" என்று அத்தை சொல்வார்களே. நீங்கள் போன பிறகு செங்கல் லாரி வந்தபோதும் அதே மாதிரி வாசலைப் பார்த்தாள். தரையில் படுத்திருந்தாள். மறுநாள் அதே லாரி வரும்போது மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை. தரை அதிர்வதுதான் அவளுக்குத் தெரிகிறது. அப்புறம் நான் செய்யாதது இல்லை. முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தட்டினேன். குக்கர் விசிலடிக்கும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜா, பூஜா என்று அறைக்கு வெளியிலிருந்து தொண்டை வறளக் கூப்பிட்டேன். என் நிழல் சுவரில் விழுந்ததும் திரும்பிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எல்லாம் என் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டை எடுப்பேன்.

அம்மா, அப்பா என்கிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முன்பு 'ப்பா ப்பா' என்று ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது. அதுவும் குறைந்துவிட்டது.

அத்தையிடம் சொன்னேன். "உன் மாமனார் நாலு வயசுலதான் பேசினாரு, அப்புறம் வாயை மூடினாரா? நாக்குல வசம்பு தடவினா பேச்சு வந்துடும்" என்றார்கள். மெட்ராஸில் காது டாக்டரிடம் காட்டலாம் என்றதும் முகம் மாறிவிட்டது. "பொட்டப்புள்ள. ஆஸ்பத்திரி சீட்டுல ஒரு வாட்டி எழுதிட்டா ஊர் வாயில இருந்து அதை அழிக்க முடியுமா? அவன் வரட்டும்." நேற்று காதில் காய்ச்சின எண்ணெய் விடப் போனார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நீங்கள் பொங்கலுக்குத்தான் வருவீர்கள் என்றால் அதுவரைக்கும் இந்தக் குழந்தையை நான் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருப்பதா?

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மே மாதம் குண்டு வெடித்த அந்த ராத்திரி தெருவே எழுந்து கத்திக்கொண்டு ஓடியதே. அண்ணாதுரை வீட்டுக் குழந்தைகள் இரண்டும் வீறிட்டு அழுதன. பூஜா அசையவில்லை. நீங்கள் ஓடாமல் தூளிக்குப் பக்கத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிரியத்தில் பார்க்கிறீர்கள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

உங்களுக்குத் தெரியுமா?

சசிரேகா


9-9-1991

மாமா,

முந்தாநாள் போட்ட கடிதம் வந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். இன்று காலை நான் பால் சொம்பைக் கீழே வைத்தபோது திரும்பிப் பார்த்தாள். நிச்சயமாகப் பார்த்தாள். தெரியாத ஊரில் வேலை செய்கிறவருக்கு இப்படி எழுதினேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. மெஷினில் கை வைக்கும்போது கவனமாக இருங்கள்.

சொம்பைத் தரையில்தான் வைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ச.


மியூனிக்
20-9-1991

சசி,

ரெண்டு லெட்டரும் ஒரே நாள்ல வந்துச்சு. கிழிக்கலை.

தெரியும்.

அந்த ராத்திரி சந்தேகம்தான் வந்துச்சு. கிளம்பறதுக்கு முந்தின வாரம் நீ கொல்லைப்பக்கம் துணி துவைச்சுக்கினு இருந்தே. நான் தூளிக்குப் பின்னால போய் ரெண்டு ஸ்பேனரைத் தட்டினேன். கம்பெனியில அப்படித் தட்டினா மூணு மெஷின் தள்ளி நிக்கறவன் திட்டுவான். அவ தன் கால் விரலைப் புடிச்சுப் பார்த்துக்கினு இருந்தா. ஸ்பேனரைப் பையில போட்டுக்கினு வெளியே வந்துட்டேன். உன்கிட்ட சொல்லிட்டு ஏரோப்ளேன் ஏறினா, நீ ஒண்டியா இதை வெச்சுக்கினு அழுவே. வந்து பார்த்துக்கலாம்னு விட்டேன். உனக்கும் தெரிஞ்சு, நீயும் அதேதான் பண்ணிக்கினு இருக்கேன்னு எனக்குத் தோணவே இல்லை.

மணியைப் பத்திக் கேட்டிருக்கே. அடிச்சிருக்கும். நாப்பத்து மூணு மணியாம், ஸ்டீவ் சொன்னான். நான் கேக்கலை. பொம்மை சுத்த ஆரம்பிச்சதும் ரெண்டு காதுலயும் விரலைச் செருகிக்கிட்டேன். அவளைக் கூட்டியாந்து இங்க நிக்க வெச்சா அவளுக்கு இது எப்படி இருக்கும்னு பார்க்கலாம்னு ஒரு எண்ணம். குதிரை வந்தது நல்லா இருந்துச்சு. அவன் வுழுந்தது நல்லா இருந்துச்சு. ஆனா எதுக்கு எல்லாரும் ஒரே நேரத்துல சிரிக்கறாங்கன்னு தெரியலை. அங்கதான் எனக்கு முடியலை. சத்தம் தாங்காம மூடிக்கினேன்னு ஸ்டீவ் நினைச்சுக்கிட்டான். "கிரைண்டிங் ஷாப்ல இருக்கறவனுக்கு இந்த மணி ஒரு கேடா?"ன்னு இன்னி வரைக்கும் ஓட்டறான். வாத்தியக்காரங்ககிட்டயும் அதேதான் பண்ணேன்.

பொங்கல் வரைக்கும் இருன்னு சொன்னதுக்கு நான் ஏன் பட்டுனு மாட்டேன்னு சொல்லலைன்னு நீ கேக்கலை. நானே சொல்றேன். பயம். இப்போ வரேன்னு கேட்டேன். மேனேஜர் முடியாதுன்னுட்டார். நான் பாதியில வந்தா ஸ்டீவ் ஒண்டியா அந்த மெஷினை நம்ம கம்பெனியில பூட்டி ஓட்ட முடியாது, பாண்டு எழுதிக் குடுத்திருக்கோம்.

அதனால நீ காத்திருக்காத. போ. இதுகூட அம்மாவுக்கு ஒரு தாள் வெச்சிருக்கேன். நீயே படிச்சுக் காட்டு. ஒரே வரிதான். 'சசி குழந்தையை எங்க கூட்டிக்கினு போறாளோ, நீயும் கூடப் போம்மா.' அதுக்கு மேல அம்மா ஏதாவது சொன்னா, வாக்குவாதம் பண்ணாத. அந்த வரியையே மறுபடி படி.

திருமலை


பிள்ளைப்பாக்கம்
12-10-1991

அன்புள்ள மாமா,

போய்விட்டு வந்துவிட்டோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீங்கள் அடுத்த வரிக்குத் தாவாமல் படிக்க வேண்டும்.

உங்கள் தாளை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றார்கள். படித்தேன். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார்கள். மறுநாள் விடியுமுன் குளித்து, பெட்டியிலிருக்கும் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பட்டு என்றேன். "நாலு பேர் பார்ப்பாங்க. எங்க வூட்டுப் புள்ளையைக் கேக்க நாதியில்லைன்னு நினைக்கக்கூடாது இல்ல?" என்றார்கள்.

பஸ் தண்டலம் தாண்டினதும் என் காதருகில் குனிந்து, "மாரியாத்தாவுக்கு மணி ஒண்ணு கட்டறேன்னு ஆடியிலயே வேண்டிக்கினு கீறேன்" என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். "எதுக்குக் கட்டுவாங்க? பேச்சு வர்றதுக்குத்தான்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அத்தைக்கும் தெரிந்திருக்கிறது மாமா. வசம்பு தடவினதும் எண்ணெய் எடுத்ததும் தெரிந்துதான். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. சத்தம் வெளியே போகாத ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். அத்தை மடியில் பூஜா. பின்னால் ஒருவர் கிலுகிலுப்பை ஆட்டினார், மணி ஆட்டினார், ஒன்றுமில்லை. பெரிய மேளத்தை அடித்ததும் திரும்பினாள். "பாத்தியா" என்று அத்தை எழுந்தே விட்டார்கள். டாக்டரம்மா பூஜாவை வாங்கி ஸ்பான்ஜ் மெத்தையில் உட்கார வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். திரும்பவில்லை. செங்கல் லாரியில் நான் கண்டுபிடித்ததுதான் இதுவும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே இருக்கும்போது அது வேறாக இருந்தது. அத்தை உட்காரவும் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அப்புறம் காதில் இயர்போன் மாட்டி ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே போனார்கள். பூஜா விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். திருகு கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் போனபோது சப்புவதை நிறுத்தினாள். கண் பெரிதாயிற்று. யாரோ தொட்ட மாதிரி மேலே பார்த்தாள். நிறுத்தினார்கள், மறுபடி சப்பினாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி நிறுத்தினாள்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். இரண்டு காதும் ரொம்பக் குறைவு. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. சட்டைப் பையில் வைக்கிற பெட்டி ஒன்று, அதிலிருந்து காதுக்கு ஒயர். அதை மாட்டினால் கொஞ்சம் கேட்கும், எவ்வளவு என்று மாட்டின பிறகுதான் தெரியும். பேச்சு வருமா என்று கேட்டேன். "நீங்க எவ்வளவு பேசறீங்களோ அதைப் பொறுத்தது" என்றார். தீபாவளி கழித்துப் பெட்டிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குப் பயம் போகவில்லை. பெட்டியை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது எல்லாரும் பார்ப்பார்கள். இப்போதே, தங்கம் என்ற வாயெல்லாம் ஐயோ பாவம் என்கிறது. அண்ணாதுரை வந்து, "நான் அந்த ஸ்பீக்கரைக் கட்டியிருக்கக்கூடாது அண்ணி" என்றான். அதனால் வந்ததில்லை என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. ராத்திரியில் அவள் மூச்சு விடுகிறாளா என்று கையை வைத்துப் பார்க்கிறேன். காதுக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

கேட்காது என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள், வெளிச்சத்தில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசிக்கொண்டே இருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பேசுகிறேன். என்னத்தைத்தான் பேசுவது? சோறு, பால், காக்கா எல்லாம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அதனால் நேற்று உங்கள் சனிக்கிழமையைச் சொன்னேன். முள்ளங்கியைக் கையில் சுற்றிக் காட்டினேன். கோபுரத்தில் ஸ்டீவ் கண்ணை மூடினதைச் செய்து காட்டினேன். குதிரைக்காரன் மல்லாந்ததற்கு நானே பாயில் மல்லாந்தேன். எப்படிச் சிரித்தாள் தெரியுமா, அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார்கள். சேவலும் வந்தது. றெக்கையை அடித்தேன். வாயைத் திறந்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அங்கே நின்றுவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை, நீங்கள் விரலை வைத்துக்கொண்டிருந்த இடம் அது.

இன்னொரு சனிக்கிழமை அங்கே போங்கள் மாமா. இந்தத் தடவை விரலை வைக்காமல் கடைசி வரைக்கும் கேளுங்கள். அந்த மணி எப்படி அடித்தது, சேவல் எப்படிக் கூவியது என்று எழுதுங்கள். நான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
சசிரேகா